வாசகர் கேள்வி–பதில்: மாத்திரை போட்டும் அண்ணன் ஏன் தெளியவில்லை?

பர்மாவின் பெகு நகரிலிருந்து ஒரு வாசகி: ஐயா, நெல் விவசாயம் பார்க்கும் என் அண்ணனுக்கு மனச்சோர்வு என்று ஃபுளுவாக்செடின் கொடுத்திருக்கிறார்கள். மூளையில் சரோட்டோனினைக் கூட்டும் மாத்திரையாம். பதினைந்து நாளாகியும் முகத்தில் தெளிவில்லை. நிறுத்திவிடலாம் என்கிறார் அண்ணி. என்ன செய்வது?

அம்மா, நிறுத்த வேண்டாம். அண்ணியிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

ரங்கூனில் நான் மருந்துக்கடை நடத்திய காலம் முழுக்க இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பாதி அட்டையோடு மருந்தை விட்டவர்கள் பலர். காரணத்தை யாராவது விளங்கச் சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த மாத்திரை சில மணி நேரத்திலேயே நரம்பு அணுக்களுக்கு இடையில் சரோட்டோனினைக் கூட்டிவிடும். அதோடு வேலை முடிவதில்லை. சரோட்டோனின் ஒரு தூதுப்பொருள். அது அடுத்த அணுவின் மேலுள்ள, செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் போய் ஒட்டும்போது, செய்தி அணுவின் உட்கருவரை போகிறது. அங்கே கிரெப் என்றொரு புரதம் விழித்துக்கொண்டு சில மரபணுக்களை இயக்குகிறது. அவற்றில் ஒன்றுதான் பி.டி.என்.எஃப். என்னும் நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தயாரிக்கும் மரபணு. பார்டே, தோனென் என்ற இரு விஞ்ஞானிகள் 1982இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்த புரதம் அது. நரம்பணு பிழைத்திருக்கவும், கிளை விடவும், பக்கத்து அணுக்களோடு இணைப்பைப் பலப்படுத்தவும் அது வேண்டும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் எலிகளுக்கு இத்தகைய மருந்துகளைக் கொடுத்துப் பார்த்து 1995இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவேளை மருந்து கொடுத்தபோது பி.டி.என்.எஃப். தயாரிப்பு கூடவில்லை. மூன்று வாரம் விடாமல் கொடுத்த பிறகுதான் ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியில் கூடியது. மனிதர்களுக்கும் குணம் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம்வரை ஆகிறது. தாமதத்துக்கு இது ஒன்றே காரணம் என்று எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் எனக்கு மிகவும் பொருந்திவரும் விளக்கம் இதுதான். அண்ணனுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமானால், பறித்து நட்ட நாற்று உடனே நிமிர்வதில்லை, பச்சை பிடிக்க நாள் ஆகிறது அல்லவா, அப்படி.

சரோட்டோனின் மட்டுமல்ல, நார் அட்ரினலின் என்ற இன்னொரு தூதுப்பொருளும் இதே வழியில் பி.டி.என்.எஃப். தயாரிப்பைத் தூண்டுகிறது. குளூட்டமேட் என்ற தூதுப்பொருள் கால்சியத்தை அணுவுக்குள் விட்டு அந்த மரபணுவை இன்னும் வேகமாக இயக்கும். காபா என்ற தூதுப்பொருள் அதை அடக்கி வைக்கும். தீராத கவலையில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் தயாரிப்பைக் குறைக்கும். அதனால் அண்ணனுக்குக் கடன் கவலை, தூக்கக் கேடு இருந்தால் அவற்றையும் வீட்டில் கவனியுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். முதல் சில வாரங்களில் அவருக்குப் படபடப்பு கூடினாலோ, சாக வேண்டும் என்பதுபோல் பேசினாலோ, தனியே விடாமல் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

ரங்கூன் வாசகர்: 'நரம்பு வளர்ச்சிக் காரணி' என்றே எழுதிய கேப்சூல் விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம், தம்பி. இந்தக் காரணிகள் புரதங்கள். விழுங்கினால் மீன்குழம்பில் உள்ள புரதத்தைப் போலவே வயிற்றில் செரித்துப்போகும். ஊசியாக இரத்தத்தில் ஏற்றினாலும் மூளையைக் காக்கும் இரத்தத் தடுப்பைத் தாண்டி ஏறக்குறைய எதுவும் உள்ளே போகாது. மூளையே தயாரித்துக்கொண்டால்தான் உண்டு.

முதல் வளர்ச்சிக் காரணியான என்.ஜி.எஃப். கண்டுபிடிப்புக்காக 1986இல் ஸ்டான்லி கோஹனோடு நோபல் பரிசு பெற்றவர் ரீட்டா லெவி மொந்தால்சினி. யூதர் என்பதால் இத்தாலியில் பல்கலைக்கழக வேலை பறிபோனபோது, டூரின் நகர வீட்டின் படுக்கையறையிலேயே கோழி முட்டைகளை வைத்து நரம்பு ஆராய்ந்தவர் அவர். அத்தனை பாடுபட்டுக் கிடைத்த அறிவின் பெயரைக் கேப்சூல் டப்பாவில் ஒட்டி ஏழைகளிடம் காசு பறிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அதே வாசகர்: அப்படியானால் மூளையே இந்தக் காரணியைத் தயாரித்துக்கொள்ள என்ன வழி?

நடங்கள். சக்கரத்தில் தாமாக ஓடிய எலிகளின் ஹிப்போகாம்பஸில் பி.டி.என்.எஃப். கூடியதும் 1995இல்தான் தெரியவந்தது. 2011இல் வெளியான ஆய்வொன்றில், முதியவர்கள் வாரம் மூன்று நாள் நாற்பது நிமிடம்வரை ஓராண்டு நடந்தார்கள். வயதோடு சுருங்க வேண்டிய அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. ரங்கூனின் கண்டாஜி ஏரிக்கரையில் காலையில் நடக்கலாம். மழைக்காலத்தில் கோயில் மண்டபத்தைச் சுற்றினாலும் போதும். மூச்சு கொஞ்சம் வாங்கும் வேகத்தில் நடங்கள்.