டைகுளோரோமீத்தேன்: கையுறைக்குள் எரிச்சல் ஏன்?

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் சேர்மங்களைப் பிரித்தெடுக்க டைகுளோரோமீத்தேன் பயன்படுத்துகிறோம். நைட்ரைல் கையுறை போட்டிருந்தும் ஒருநாள் விரலில் சுரீரென்று எரிந்தது. மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது. "தீப்பிடிக்காத கரைப்பான்தான், பயப்படாதே" என்கிறார் மூத்தவர். உண்மையா?

பதில்: உங்கள் கையுறையில் கோளாறு இல்லை, அது இந்தக் கரைப்பானுக்கு ஏற்றதல்ல. சாதாரண மெல்லிய நைட்ரைலை டைகுளோரோமீத்தேன் ஓரிரு நிமிடங்களில் ஊடுருவிவிடும். திறந்த தோலில் ஒரு சொட்டு பட்டால் ஜில்லென்று ஆவியாகிப் போய்விடும். கையுறைக்குள் போனதோ வெளியேற வழியின்றித் தோலோடு ஒட்டி நின்று எரிக்கும். அதனால் மேலே பட்டவுடன் கழற்றி எறிந்து, கையைக் கழுவிவிட்டு வேறு போடுங்கள். நெடுநேர வேலையென்றால் பல அடுக்குப் படலத்தாலான கையுறை நல்லது. பாலிவினைல் ஆல்கஹால் கையுறையும் தாங்கும், ஆனால் தண்ணீர் பட்டால் அது கரைந்துவிடும்.

புஸ் சத்தத்துக்குக் காரணம் கொதிநிலை. சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே இது கொதிக்கும். அறை சற்றுச் சூடானாலே பாட்டிலுக்குள் ஆவியழுத்தம் ஏறும். பிரிபுனலில் (கலக்காத இரு திரவங்களைப் பிரிக்கும், அடியில் குழாயுள்ள கண்ணாடிப் புனல்) குலுக்கும்போதும் இதே கதைதான். முதலில் மெதுவாக ஒரு முறை கவிழ்த்து, தண்டை ஆளில்லாத பக்கம் திருப்பிக் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். அதன் பிறகே வேகமாகக் குலுக்கலாம். அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.33 கிராம் என்பதால் பொதுவாகத் தண்ணீருக்குக் கீழே நிற்பது இதுதான். எந்த அடுக்கு எது என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள், எந்த அடுக்கோடு கலக்கிறதோ அதுதான் நீர் அடுக்கு.

உங்கள் மூத்தவர் சொன்னது பாதி உண்மை. சாதாரணச் சோதனையில் இதற்குத் தீப்பற்றுநிலை கிடையாது. ஆனால் ஆவி சுடரிலோ செந்தணல் பரப்பிலோ பட்டால் ஹைட்ரஜன் குளோரைடும் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயுவும் உண்டாகும். அதைவிட நான் அஞ்சுவது ஆவியைத்தான். காற்றைப் போல் ஏறக்குறைய 3 மடங்கு கனம், தாழ்ந்த இடத்தில் தேங்கும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி அனுமதிக்கும் 8 மணி நேரச் சராசரி 25 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு). பலருக்கு வாசனையே சுமார் 200 பிபிஎம்மில்தான் தெரியும். ஆகவே மூக்கை நம்பாதீர்கள், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டை நம்புங்கள். உடலுக்குள் போனதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறி ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடிக்கிறது. இதய நோயுள்ளவர்கள் இதைக் குறைவாக எடைபோடக் கூடாது. தலைசுற்றல் வந்தால் உடனே வெளியே வாருங்கள்.

கழிவை ஹாலஜன் (குளோரின் போன்றவை) சேர்ந்த கழிவுக்கென்று குறித்த பாட்டிலில் தனியாக ஊற்றுங்கள், நிறைய நிரப்பாதீர்கள். அலுமினியக் கலன் வேண்டாம். நைட்ரிக் அமிலக் கழிவோ சோடியம் உலோகமோ இதன் பக்கத்திலேயே வரக் கூடாது.