மெரினாவின் மணல் எங்கிருந்து வந்தது?

கேள்வி: பட்டினப்பாக்கம் லூப் ரோட்டில் போனாலே மீன் கடை, வலை, படகு, நெரிசல். இவற்றையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, மெரினா தொடங்கி ஒரே சீரான, அழகான கடற்கரையை அமைக்க அரசுக்கு ஏன் துணிச்சல் வரவில்லை?
- ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: அந்தத் துணிச்சல் வந்த காலமும் உண்டு. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று சொல்லிப் படகுகளையும் வலைகளையும் மணலிலிருந்து அகற்ற முனைந்தார்கள். அது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது, மீனவர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் குப்பங்களில் இன்றும் அதை மறக்கவில்லை. எனவே 'துணிச்சல்' என்ற சொல்லை இந்த விஷயத்தில் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் அழகு என்று சொல்லும் அந்த மணல் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். பழைய சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரம் போடும். ஆட்களையும் சரக்கையும் அலைக்குள் புகுந்து கரை சேர்த்தவை மசூலா என்ற நாட்டுப் படகுகள். அவற்றை ஓட்டியவர்கள் இதே கரையில் வாழ்ந்தவர்கள். இன்று கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையும் ஐஸ் ஹவுஸும் (இன்றைய விவேகானந்தர் இல்லம்) அன்று கிட்டத்தட்ட அலையின் பக்கத்திலேயே இருந்தன.

1870-களில் துறைமுகச் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். 1881-ல் வந்த புயல் அதைச் சிதைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, மெரினா அகலமானது. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்து, சிசிலித் தீவின் நினைவில் 'மெரினா' என்று பெயர் வைத்தார். அதெல்லாம் சரி, அந்த மணல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடம் எது? ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் எண்ணூரும்தான். அங்கே கடல் வருடத்துக்கு வருடம் உள்ளே வந்தது. கரை போயிற்று, வீடுகள் போயின.

தென்சென்னைக்கு ஒரு கடற்கரை கிடைத்ததும் வடசென்னை தன் கடற்கரையை இழந்ததும் ஒரே சுவரால் நடந்தவை. இந்த நகரத்தின் கடலோர நிர்வாகத்தைப் பற்றிப் பேசும் யாரும் இதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு மேலாக மறந்துவிட்டுத்தான் பேசுகிறோம். உலாச்சாலை, சிலை, பூங்கா, விளக்கு என்று எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கத்துக்குக் கருங்கல் கொட்டுவதும், கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு போடுவதும். கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நிற்கிறது, ஆனால் அதற்கு வடக்கே ஆரம்பிக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1981-ல் பிரதமர் இந்திரா காந்தி, அலை வரும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் வேண்டாம் என்று கடலோர மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினார். 1991-ல் அது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாக வந்தது. 2011-ல் திருத்தி எழுதியபோது, மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவையையும் கடலோரத் திட்டங்களில் சேர்க்க வேண்டும் என்று சொன்னார்கள். வலை உலர்த்தும் இடமும் படகு நிறுத்தும் இடமும் வரைபடங்களில் முழுமையாக இல்லை என்பது மீனவர் அமைப்புகளின் நெடுநாள் புகார். வரைபடத்தில் இல்லாத இடத்தை நாளைக்குக் காலி இடம் என்று சொல்லிவிடலாம் இல்லையா? அவர்கள் பயப்படுவது அதற்குத்தான். அதே மணலில் தலைவர்களுக்கு நினைவிடங்கள் எழுந்திருக்கின்றன. அந்தத் தலைவர்கள் மீது மக்களுக்குள்ள அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நினைவிடத்துக்கு இடம் கொடுக்கும் கரையில் வலைக்கு மட்டும் இடமில்லை என்பதை என்னால் ஏற்க முடியாது.

நீங்கள் சொன்ன லூப் ரோடு குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே போகிறது. அவர்கள் வலை காயப்போட்டு, மீன் ஏலம் விட்ட இடத்தில்தான் சாந்தோம் நெடுஞ்சாலை நெரிசலுக்கு மாற்றுவழி கண்டோம். 2023-ல் நெரிசல் பற்றி உயர்நீதிமன்றம் கேட்டதும் மாநகராட்சி கடைகளை அகற்றியது, மீனவர்கள் சாலையில் இறங்கினார்கள். 2024-ல் நொச்சிக்குப்பத்தில் புதிய மீன் அங்காடி திறந்தார்கள். அங்காடி வந்தது நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் பேசி முடித்துவிட்டு அகற்றியிருக்கலாமே. அப்புறம், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்ட கடலோரக் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். விடியும் முன்பே கடலுக்குள் இருக்க வேண்டியவருக்குக் கடலிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி வீடு கொடுத்தால், அவர் தொழிலை எப்படிச் செய்வார்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. துறைமுகம் ஒன்றிய அரசிடம். மணலைச் சுத்தம் செய்வது மாநகராட்சி. கட்டட அனுமதி பெருநகர வளர்ச்சிக் குழுமம். கல் கொட்டுவது ஒரு துறை, மீனவர் நலன் இன்னொரு துறை, 500 மீட்டர் விதியைப் பார்ப்பது வேறோர் ஆணையம். இவர்கள் எல்லாருடைய எல்லையையும் கடந்துதான் மணல் நகர்கிறது. அந்த மணலுக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

வழி இல்லை என்று சொல்லிவிட முடியாது. விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தூர்வாரும் மணலைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். புதுச்சேரியிலும் துறைமுகச் சுவர்தான் கடற்கரையைத் தின்றது. அங்கே கடலுக்கடியில் ஒரு தடுப்பு அமைத்து மணலைத் திரும்ப வரவைத்திருக்கிறார்கள். அந்த வேலைக்குப் பின்னால் இருந்த தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நம் பள்ளிக்கரணையில்தான் இருக்கிறது. கடற்கரைக்கென்று பணம் ஒதுக்கினால், முதல் தவணை திருவொற்றியூருக்குப் போகட்டும் என்பேன்.

தாம்பரத்திலிருந்து மெரினாவுக்கு வருகிறவர் நீங்கள். அடுத்த முறை அப்படியே காசிமேடு தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் கொஞ்ச தூரம் போய்விட்டு வாருங்கள். வலது கைப் பக்கம் கடல் தெரியும். கரையில் மணலைத் தேடினால் பெரும்பாலும் கருங்கல்தான் கண்ணில் படும்.