40 நாள் ராஜபாளையம் நாய்க்குட்டியை வாங்கலாமா? மதுரையில் உரிமம் வேண்டுமா?

40 நாள் குட்டி வேண்டாம். 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. "நல்லா சாப்பிடுதுங்க, இப்பவே கொண்டு போங்க" என்பார்கள். 56 நாள் முடியட்டும் என்று சொல்லுங்கள். விற்பவருக்கு மாநில விலங்குகள் நல வாரியப் பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டி வேறுபக்கம் பார்க்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஒரு குலுக்கு குலுக்குங்கள். கை தட்டினால் காற்றசைவிலேயே திரும்பிவிடும், ஏமாந்துபோவீர்கள்.

மாநகராட்சி எல்லைக்குள் என்றால் உரிமம் எடுக்கவேண்டும். அதற்கு ரேபிஸ் ஊசிச் சான்று முக்கியம். அந்த ஊசி மூன்று மாதத்தில்தான் போடுவார்கள், பிறகு ஆண்டுதோறும்.

அதற்கு முந்தைய கண்டம் பார்வோ என்ற வைரஸ் நோய். முதல் கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்துக்குள், பிறகு 3-4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை. ஒன்று போட்டதோடு நிறுத்துவதால்தான் பல குட்டிகள் ரத்தப்பேதியில் போகின்றன. தொடர் முடியும்வரை தெருமண்ணில் இறக்காதீர்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். முன்பு உங்கள் வீட்டில் பார்வோவில் நாய் இறந்திருந்தால், 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து தரையைக் கழுவி, 10 நிமிடம் ஊறவிடுங்கள்.

குடற்புழு மருந்து எடைபார்த்து, மருத்துவர் சொல்லும் அளவில். பசும்பால் பேதியாக்கும். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் கட்டாதீர்கள்.