பழைய ஸ்பீக்கர் இரைகிறதா? ஸ்குரூவைக் கழற்றுமுன் கடைக்குப் போங்கள்

கேள்வி: ஐயா, போன மாதம் ஜார்ஜ்டவுனில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் ஆக்டிவ் ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் வகை) ஜோடி ஒன்றை 280 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். கடைக்குள் நுழைந்தபோதே அது பாடிக்கொண்டிருந்தது, சத்தமும் சுத்தமாக இருந்தது. வீட்டில் காலையில் சுவிட்சைப் போட்டதும் இரண்டு பெட்டியிலும் 'ம்ம்ம்' என்று இரைச்சல். பத்து நிமிடம் போனால் குறைகிறது. வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரப்பு. சில நேரம் இடது பெட்டி ஊமையாகிவிடுகிறது. கடைக்காரர் "பழைய சாமான், விற்றது விற்றதுதான்" என்கிறார். ரிப்பேர் கடையில் போர்டையே மாற்ற வேண்டும், 180 வெள்ளி ஆகும் என்கிறார்கள். அம்மா பக்திப் பாடல் கேட்பதற்காக வாங்கியது. என்ன செய்யலாம்?
— ஜெலுத்தோங் வாசகர்

பதில்: அந்த 180 வெள்ளியை இப்போது கொடுக்காதீர்கள். பெட்டியையும் யாரும் திறக்க வேண்டாம், நீங்கள் உட்பட.

நீங்கள் வாங்கியது கடையில், வீட்டு உபயோகத்துக்கு. ஆகவே 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது அச்சட்டம் தரும் உத்தரவாதம். 'விற்றது விற்றதுதான்' என்று வாயால் சொல்வதோ சுவரில் எழுதி ஒட்டுவதோ அந்த உத்தரவாதத்தை அழித்துவிடாது. பழைய பொருள் என்பதும் விலையும் கணக்கில் வரும்; மரப்பெட்டியில் கீறல் இருக்கிறது என்று நீங்கள் வழக்காட முடியாது. ஆனால் இரைச்சலை வாங்குமுன் உங்களிடம் சொன்னார்களா இல்லையா என்பது முக்கியம். முன்கூட்டியே சொல்லிவிட்டு விற்றிருந்தால் அந்தக் குறைக்காகப் பிறகு கேட்க முடியாது. உங்களிடம் சொல்லவில்லை.

முதலில் கடைக்காரருக்குச் சரிசெய்ய வாய்ப்புக் கொடுங்கள். வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள். நியாயமான கெடு வையுங்கள். காலையில் சுவிட்சைப் போட்ட நொடியிலிருந்து இரைச்சல் குறையும்வரை கைப்பேசியில் வீடியோ எடுத்து ரசீதோடு வைத்திருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, நீங்களே பேசலாம். மனு எழுதத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைக் கேளுங்கள். பெட்டியைத் திறந்திருந்தால், "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று எதிர்த் தரப்பு சொல்ல வழி பிறக்கும். அதனால்தான் தொடாதீர்கள் என்றேன்.

திறக்காமலே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு, காசு செலவில்லை. பாட்டு வரும் கேபிளைப் பின்னாலிருந்து உருவிவிட்டு, வால்யூமைப் பூச்சியத்தில் வைத்து சுவிட்சைப் போடுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் கோளாறு கேபிளிலோ, லேப்டாப் சார்ஜர் வழியாக வரும் எர்த்திலோ இருக்கிறது. சார்ஜரைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியே இரைந்தால் கோளாறு பெட்டிக்குள். இடது பெட்டி ஊமையாவதற்கு, பின்னால் குத்தும் சிவப்பு வெள்ளை முனைகளை இடம் மாற்றிக் குத்துங்கள். ஊமை வலது பக்கம் தாவினால் கேபிளையோ கைப்பேசியையோ பாருங்கள். இடத்திலேயே நின்றால், குமிழை மெல்ல ஆட்டும்போது சத்தம் வந்து போகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் கரகரப்பும் ஊமையும் அந்த ஒரே குமிழின் வேலை.

உங்கள் விவரத்தை வைத்துப் பார்த்தால், பவர் பகுதியில் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் காய்ந்துவிட்டன என்றே நினைக்கிறேன். சூடேற ஏற இரைச்சல் குறைவது அதற்கே உரிய அடையாளம். கடையில் நீங்கள் நுழையும்போதே அது பாடிக்கொண்டிருந்ததால் சூடேறிய நிலையில்தான் கேட்டிருக்கிறீர்கள். பழைய ஸ்பீக்கர் வாங்கும் எவரும் அரைமணி நேரம் அணைத்து ஆறவைக்கச் சொல்லி, பிறகு போட்டுக் கேளுங்கள். லோரோங் கூலிட் போல் காலைச் சந்தையில் வாங்கினாலும் கேட்டுப்பார்க்கப் பிளக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணத்தை எடுங்கள்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்பேர் செய்து தருகிறேன் என்றால் போர்டை மாற்ற ஒப்புக்கொள்ளாமல் கெப்பாசிட்டரை மாற்றச் சொல்லுங்கள். அது உருளை வடிவில் நிற்கும். உச்சியில் குறுக்கே கோடு கீறியிருக்கும். அந்த உச்சி தட்டையாக இருக்க வேண்டும், அப்பம்போல் உப்பியிருந்தால் போய்விட்டது. உப்பாமலும் உள்ளே காய்ந்திருக்கலாம். அடியில் மஞ்சளாகப் பூசிய பசை பழுப்பாகி, பக்கத்துக் கம்பிக் கால்களை அரித்திருந்தால் அதையும் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். புதிதாகப் போடுவது அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது சற்று அதிகம், 105 டிகிரி தாங்கும் வகையாக இருக்கட்டும். நம் ஊர் வெப்பத்தில், மூடிய பெட்டிக்குள் 85 டிகிரி வகை சீக்கிரம் காயும். உதிரிப் பாகத்துக்குச் சில வெள்ளிகள்தான் ஆகும், மீதி கூலி. குமிழுக்கு கான்டாக்ட் கிளீனர் அடித்து, மின்சாரம் இல்லாதபோது இருபுறமும் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அதில் அடிக்கவே கூடாது.

இதை வீட்டில் செய்யலாமா என்றால், சுவிட்ச் மோட் பவர் (கனமான டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் வீட்டு மின்சாரத்தை நேரே டிசியாக்கும் வகை) உள்ள பெட்டியில் வேண்டாம் என்பேன். நம் 230 வோல்ட் உள்ளே 325 வோல்ட் டிசியாக, அதாவது நேர் மின்சாரமாகத் தேங்கி நிற்கும். பிளக்கை உருவிய பிறகும் அது கையைச் சுண்டும், ஆளையே கொல்லலாம்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த ஆக்டிவ் ஸ்பீக்கரை இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன். தட்டையான இரண்டு பின். அடாப்டரில் மாட்டிப் போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு உயிரே இல்லை.
— பட்டர்வெர்த் வாசகி

பதில்: ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. பெட்டியின் பின்புறத் தகட்டில் 100 என்று மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இங்கே போடவே கூடாது. உள்ளே ஃபியூஸ் போயிருக்கும். டெக்னீஷியனைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்; கண்ணாடி ஃபியூஸில் கம்பி மட்டும் அறுந்திருந்தால் நம்பிக்கை உண்டு. ஃபியூஸின் உட்புறம் கறுத்துப் பூசியிருந்தால் பெட்டிக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டோ ஈயத்தாள் சுற்றியோ பார்க்காதீர்கள், வீடே பற்றிக்கொள்ளும். தனிநபரிடம் வாங்கியதால் நடுவர் மன்றம் உதவாது. விற்றவர் '230 வோல்ட்டில் ஓடும்' என்று எழுத்தில் சொல்லியிருந்தால் அதைக் காட்டி அவரிடமே பேசிப் பாருங்கள்.

கேள்வி: ஸ்பீக்கர் பெட்டியில் வூஃபர் (கனத்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) கருகி, புதிது போட்டேன். அதுவும் கருகிவிட்டது. வூஃபர் போலியா?
— ஆயர் ஈத்தாம் வாசகர்

பதில்: ஆம்ப்ளிஃபையரைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் அவுட்புட் ஐசி (சிப்) ஷார்ட்டாகி ஸ்பீக்கருக்கு டிசி போகிறது போலும். மூன்றாவது வூஃபரை வாங்குமுன் டெக்னீஷியனிடம் கொடுத்து, ஸ்பீக்கர் கழற்றிய முனையில் மல்டிமீட்டரை டிசியில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் பரவாயில்லை; வோல்ட் கணக்கில் காட்டினால் வூஃபரைத் தொடாமல் போர்டைச் சரிசெய்ய வேண்டும். புது வூஃபர் உண்மையிலேயே போய்விட்டதா என்றும் அளந்து பாருங்கள்: 4 ஓம் வூஃபர் மீட்டரில் மூன்றுக்குச் சற்று மேலே காட்டும், 8 ஓம் என்றால் ஆறு அளவில். எதுவும் காட்டாவிட்டால் வூஃபருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அறுந்துவிட்டது.