மலேசியா போன அப்பாவின் பட்டன் போனில் பெயரைத் தேர்ந்து அழைத்தால் போகவில்லை

சேமித்து வைத்த எண்களுக்கு முன்னால் இந்தியாவின் நாட்டுக் குறியீடான +91 சேர்க்கச் சொல்லுங்கள், அழைப்பு போய்விடும். போனிலோ சிம்மிலோ பழுது இல்லை.

கோலாலம்பூரில் சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, நீங்கள் கூப்பிட்ட அழைப்பிலிருந்து திரும்ப அழைத்தால் மணி அடிக்கிறது, பெயர்ப் பட்டியலிலிருந்து அழைத்தால் மட்டும் எண் தவறு என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விடை அதிலேயே இருக்கிறது. உங்கள் அழைப்பு +91 உடன் பதிவாகியிருக்கும். அப்பா ஊரில் சேமித்ததோ வெறும் பத்து இலக்கம். அங்குள்ள நெட்வொர்க் அதை மலேசிய எண் என்றே எடுத்துக்கொள்ளும்.

முதலில் ஒரு சோதனை. ஸ்டார் பட்டனை வேகமாக இரண்டு தடவை அழுத்தினால் + வரும். சில போன்களில் 0-வை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்புறம் 91, உங்கள் பத்து இலக்க எண், பச்சைப் பட்டன். மணி அடித்தால் அதே வடிவில் திருத்திச் சேமிக்கலாம். லேண்ட்லைன் என்றால் முதல் 0 போக வேண்டும்: மதுரையின் 0452, +91 452 ஆகும். பட்டியல் முழுவதையும் மாற்றச் சொல்லிப் பெரியவரைப் படுத்த வேண்டாம், வீட்டு எண்கள் நாலைந்து போதும். ஊர் திரும்பிய பிறகும் +91 அப்படியே வேலை செய்யும்.

ஒன்று கவனியுங்கள்: ரோமிங்கில், அதாவது நம்மூர் சிம்மை வெளிநாட்டில் பயன்படுத்தும்போது, வரும் அழைப்புக்கும் காசு பிடிப்பார்கள், ரோமிங் பேக் போட்டுவிடுங்கள். அங்கிருந்து சிங்கப்பூர் போகிற திட்டம் இருந்தால் 2ஜி மட்டும் உள்ள போன் உதவாது. அங்கே 2017 ஏப்ரலிலேயே 2ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள்.