பாவைக்கும் தனக்கும் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் கோத்தகிரியில் இருக்கிறேன். ஏழு வருஷம் மழலையர் பள்ளியில் டீச்சராக இருந்துவிட்டு இப்போது வீட்டில் பொம்மை செய்கிறேன். தேவதைப் பொம்மைகள். ஒவ்வொருத்தியும் என் ஆள்காட்டி விரல் உயரம்தான். உள்ளே எங்கள் மலை ஆட்டின் ரோமம், மேலே பருத்தி பனியன் துணி, தலைமுடிக்கு வாழைநார், இறக்கைக்குக் கோரை. பிளாஸ்டிக்கில் ஒரு மணிகூடக் கிடையாது.

ஒவ்வொரு பொம்மையோடும் ஒரு சின்ன அட்டை வைப்பேன். அதில் அவளைப் பற்றி எழுதியிருக்கும். உதாரணத்துக்கு மூன்று:

சாரல்: ஈரத்துணி வாசனை பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொய் சொல்வாள்.
தவிட்டி: தவளையைத் தவிர எல்லாவற்றுக்கும் பயப்படுவாள்.
பூங்குழல்: அன்பானவள். எல்லோருக்கும் உதவுவாள். இயற்கையை நேசிப்பவள்.

போன மாதம் ஒரு கண்காட்சியில் கடை போட்டிருந்தேன். மாற்றுக்கல்வியில் ஈடுபாடுள்ள ஒரு அம்மா பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகு. ஆனா பொம்மைக்கு முகமே இருக்கக் கூடாதும்பாங்க. நீங்க ஜாதகமே எழுதி வெச்சிருக்கீங்க. அப்புறம் குழந்தை எதைத்தான் கற்பனை பண்ணும்?" என்று கேட்டார். வாங்காமல் போய்விட்டார். அன்று ராத்திரியே அட்டைகளையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். இப்போது அட்டை எழுதாமல் செய்து பார்க்கிறேன். கை ஓடமாட்டேன் என்கிறது.

இன்னொரு பக்கம் என் அம்மா. "இறக்கை வெச்ச பொம்மை நம்ம ஊருப் பொம்மையா?" என்கிறார். நான் செய்வது இரவல் சரக்கோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

க., கோத்தகிரி

பி.கு.: மூன்று பொம்மைகளின் வயிற்றில் பூச்சி துளை போட்டிருக்கிறது. இதற்கும் ஏதாவது வைத்தியம் தெரிந்தால் சொல்லுங்கள்.

*

அன்புள்ள க.,

முதலில் அந்த டப்பாவைத் திறந்து அட்டைகளை வெளியே எடுங்கள். குழந்தையின் கதை அப்புறம். உங்கள் கை ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பொய் சொல்கிறவளுக்கு வாயைத் தைப்பதும் தவளைக்கு மட்டும் பயப்படாதவளுக்குத் தைப்பதும் ஒரே தையல் ஆகாது. யாரைச் செய்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்தால் வெறும் உருண்டைதான் வரும்.

கண்காட்சிக்கு வந்த அம்மா சொன்னதற்கு ஒரு மூலம் உண்டு. ஆஸ்திரியாக்காரரான ருடால்ஃப் ஸ்டெய்னர் 1907இல் எழுதிய ஒரு கட்டுரையில் பொம்மை செய்யும் விதம் சொல்கிறார். பழைய கைத்துணி ஒன்றை எடு, இரண்டு முனை கால், இரண்டு முனை கை, ஒரு முடிச்சு தலை. குழந்தை மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும், வேலை செய்யச் செய்யக் கை உரமேறுவதுபோல அப்படித்தான் மூளையும் உரமேறும் என்பது அவர் வாதம். எல்லாம் முடித்துக் கொடுக்கும் அழகுப் பொம்மையில் குழந்தைக்கு வேலையே இல்லை என்கிறார். சரிதான். ஆனால் அதே இடத்தில் கண்ணும் மூக்கும் வாயும் மைப்பொட்டாக வைக்கச் சொல்லியிருக்கிறாரே! முகமே கூடாது என்பது பின்னால் வந்தவர்கள் இறுக்கிக்கொண்ட நியமம். (1919இல் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரில் அவர் தொடங்கிய பள்ளி, வால்டார்ஃப் அஸ்டோரியா சிகரெட் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கானது. இன்று உலகம் முழுக்க ஆட்டு ரோமம் அடைத்த சாதுப் பொம்மைகளை வால்டார்ஃப் பொம்மை என்கிறோம். சிகரெட்டுக்கு வைத்த பெயர் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிந்தால் என்ன செய்வார்களோ.)

முகமில்லாத பொம்மைக்குக் குணம் இருக்காது என்று நினைப்பதும் தப்பு. வட அமெரிக்காவின் இரோகுவாய்ப் பழங்குடிகள் மக்காச்சோள மட்டையில் முகமில்லாத பொம்மை செய்வார்கள். ஏன் முகமில்லை என்பதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். முதல் பொம்மைக்கு அழகான முகம் இருந்ததாம். குழந்தைகளோடு விளையாட அனுப்பினால், அவள் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துப் பார்த்து மயங்கி நின்றுவிட்டாளாம். சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை, படைத்தவன் முகத்தைப் பிடுங்கிக்கொண்டான். அந்த வெற்று முகத்துக்குப் பின்னால் எவ்வளவு பெரிய தலைக்கனம் இருக்கிறது பாருங்கள். ஜாதகம் என்றால் இதுவும் ஜாதகம்தான்.

இனி என் கதை. திருச்சிப் பக்கம் பெரியம்மா வீட்டில் கோடை விடுமுறை. சுற்றிலும் வாழைத் தோட்டம். பூக்கட்டுவதற்காக வாழைநாரைக் கிழித்துத் திண்ணையில் சுருட்டிப் போட்டிருப்பார்கள். காய்ந்த நார் விரலில் நிற்காது, முடிச்சுப் போட்டால் முறியும். அதனால் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்து எடுத்துத்தான் கட்டுவார்கள். அந்தக் கிண்ணத்திலிருந்து என் தங்கை ஒரு கற்றை திருடி, நடுவில் மடித்து, மடிப்புக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். தலை வந்தது. பக்கத்துக்கு நாலு இழை ஒதுக்கிப் பின்னியதும் கை வந்தது. இடுப்பில் ஒரு கட்டு. மிச்சம் பாவாடை.

மூன்றாம் நாள் நார் காய்ந்து, கட்டு இளகி, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நான் திருத்திக் கட்டித் தருகிறேன் என்று கையை நீட்டினேன். தங்கை தரவில்லை. "அவ ஒட்டுக் கேக்கறா, தொந்தரவு பண்ணாத" என்றாள். அன்றிலிருந்து அதன் பெயர் ஒட்டுக்காது. சமையலறை வாசல்படியில் சாத்தி வைப்பாள். ராத்திரி அவளுக்கு மட்டும் சேதி வரும். பத்து நாளில் என்ன ஆயிற்று தெரியுமா, பெரியம்மாவே பக்கத்து வீட்டு விவகாரம் பேசும்போது வாசல்படியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணிக்க ஆரம்பித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை பூக்கட்ட நார் போதவில்லை. பெரியம்மா அவசரத்தில் ஒட்டுக்காதுவின் பாவாடையிலிருந்து நாலைந்து இழையை உருவி, நனைத்து, மல்லிகையைக் கட்டிச் சாமிக்குப் போட்டுவிட்டாள். நாங்கள் எல்லோரும் தங்கை அழப்போகிறாள் என்று நிற்கிறோம். அவள் சாமி படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இனிமே சாமிக்கும் எல்லாம் தெரிஞ்சுடும்" என்றாள்.

இதில் யார் அட்டை எழுதியது? முதல் வரியை நார் எழுதியது. மிச்சத்தைத் தங்கை எழுதினாள். உங்கள் கையில் இருக்கும் பொருளும் இப்படி ஏதோ சொல்லிக்கொண்டேதான் இருக்கும். ஆட்டு ரோமத்தின் ஒவ்வொரு இழையிலும் மீன் செதிள்போலச் செதிள் இருக்கிறது. ரோமத்தை இறுக்க நீங்கள் குத்தும் ஊசியின் விளிம்பில் வெட்டியிருக்கும் சிறு கொக்கிகள் இழைகளை உள்ளே இழுத்து ஒன்றோடொன்று கோத்துவிடும். குத்தக் குத்த இறுகுமே தவிர, திரும்பிப் பிரியாது. மனசில் வைத்துக்கொண்டு விடவே விடாத ஆட்கள் இருப்பார்களே, அந்த ஜாதி. வாழைநார் அப்படியில்லை, பளபளப்பாக நேராக நிற்கும், எதோடும் ஒட்டாது, ஆனால் ஒரு முறை மடித்த இடத்தில் மடிப்பு நின்றுவிடும். கோரைத்தண்டை உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டை இருக்கும், விரலில் உருளாது. அந்த இறக்கையை மாட்டிக்கொண்டவள் எப்படிச் சாந்தமாக இருப்பாள்?

அதனால் பூங்குழலின் அட்டையை மட்டும் கிழித்துப் போடுங்கள். அன்பானவள், உதவுவாள், நேசிப்பாள் என்பதெல்லாம் டி.சி.யில் 'நடத்தை: நன்று' என்று எழுதிக் கொடுப்பதுபோல. எந்த நாரும் அப்படி இருக்காது, எந்தக் குழந்தைக்கும் அதை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. சாரலுக்கு ஈரத்துணியை வெட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விட்டுவையுங்கள். ஏன் ஞாயிற்றுக்கிழமை என்று அட்டையில் இல்லை. அந்த இடத்தில் குழந்தை நுழைந்துவிடும். தவிட்டியைத் தொடவே வேண்டாம்.

நீங்கள் பொம்மைக்கு என்று தனியாகத் தேடிப் படித்திருக்க மாட்டீர்கள், எனவே இதையும் சொல்கிறேன். சங்கப் பாட்டில் பைஞ்சாய்ப் பாவை, பஞ்சாய்ப் பாவை என்று ஒரு பொம்மை வரும். சாய் என்றால் கோரை. பச்சைக் கோரையில் செய்த பொம்மை. குறுந்தொகையில் ஒருத்தன், தன் காதலிக்காகப் பாவை செய்ததையும், பஞ்சாய்க் கோரை வளர்ந்த பள்ளத்தைச் சுற்றி வந்ததையும் சொல்லிக்காட்டுகிறான். இருக்கட்டும், என் மனதை விட்டுப் போகாதது ஐங்குறுநூற்றின் 383ஆம் பாட்டு. ஓதலாந்தையார் பாடியது. பெண் வீட்டைவிட்டு அவனோடு கிளம்பிவிட்டாள். நடு வழி. அவன் வெண்கடம்பின் கிளையை வளைத்துப் பிடித்துப் பூப்பறித்துக்கொண்டு நிற்கிறான். திரும்பிப் பார்க்கிறான். அவள் "பைஞ்சாய்ப் பாவைக்கும் தனக்கும்" கூந்தலுக்குப் பூ ஆய்ந்துகொண்டிருக்கிறாள். அவன் உள்ளம் பூரித்துப்போகிறது. அவ்வளவுதான் பாட்டு.

ஊரையும் தாயையும் விட்டு வந்தவள் கோரைப் பொம்மையை விடவில்லை. பாவைக்குத்தான் முதலில், தனக்கு அப்புறம். அந்தப் பாவை கறுப்பா சிவப்பா, கோபக்காரியா சாதுவா, புலவர் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குப் பூ இல்லாமல் ஆகாது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. எட்டுப் பாட்டு முன்னால், 375இல், மகள் போன வீட்டில் தாய் புலம்புகிறாள்: "இது என் பாவைக்கு இனிய நன் பாவை." அங்கே பொம்மை வீட்டிலேயே கிடக்கிறது. இரண்டு பாட்டிலும் ஒரே பெண் என்று யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் அடுத்தடுத்துப் படிக்கும்போது, எந்தப் பொம்மையை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று அந்த இரவில் அவள் ஒரு நிமிஷம் நின்றிருப்பாள் என்றே எனக்குத் தோன்றும்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள் இறக்கைக்கு வைக்கும் கோரைதான் அந்தப் பாவைக்கு உடம்பு. மற்றபடி இறக்கை நம் ஊருடையது இல்லைதான். ஏரிக்கரைக் கன்னிமார் ஏழு பேருக்கும் இறக்கை கிடையாது, கல்லாக உட்கார்ந்தபடியே எல்லாக் காரியமும் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் சுத்தம் பார்க்க ஆரம்பித்தால் உங்கள் ஆடும் தேறாது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கிறார்களே நீலகிரி ஆடு, தமிழ்நாட்டில் மெல்லிய கம்பளி தருகிற இனம், அது 19ஆம் நூற்றாண்டில் நம் ஊர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோவும் பிரிட்டனின் செவியட், சவுத்டவுன் ஆடுகளும் கலந்து வந்தது. ஆட்டை ஏற்றுக்கொண்ட மலை இறக்கையையும் ஏற்றுக்கொள்ளும்.

பூச்சி விஷயம். அது அந்துப்பூச்சி. பறப்பது தின்னாது, அதன் புழுதான் தின்னும். ரோமத்திலுள்ள கெரட்டின் என்ற புரதம்தான் அதற்குச் சாப்பாடு, அதனால்தான் வயிறு போய் வாழைநார்க் கூந்தல் தப்பித்திருக்கிறது. மூவரையும் காற்றுப் புகாத கவரில் போட்டு வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வசம்பும் வேப்பிலையும் பெட்டியில் போடலாம், ஆனால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் புழுவை அது கொன்றுவிடும் என்று இருந்துவிடாதீர்கள். இனிமேல் அடைக்கும் ரோமத்தைச் சோப்புப் போட்டு அலசி, பிசுக்குப் போக நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே அடையுங்கள். உங்கள் ஊரில் வெயில் வருகிற நாளாகப் பார்த்து.

துளை விழுந்த மூவரில் சாரல் இருந்தால், ஒட்டுத் தையலுக்கு வேறு நிற நூல் போடுங்கள். எப்படி ஆயிற்று என்று ஞாயிற்றுக்கிழமை அவளைக் கேட்டால் பூச்சி என்று சொல்லவே மாட்டாள்.

அன்புடன்.