விமானம் இறங்கும்போது பாலூட்டுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறை நெருங்குவதால், இம்முறை வந்த கடிதங்களில் கைக்குழந்தையோடு சிங்கப்பூர் செல்வதைப் பற்றிய கேள்விகளே மிகுதி. குழந்தைகள் பிரிவில் செவிலியாகப் பணியாற்றிய காலத்திலும், பின்னர்ப் பேரப்பிள்ளைகளோடு அங்கே சென்று வந்தபோதும் நான் கற்றவற்றை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மே மாதத்தில் என் மகளுக்கு 9 மாதம் நிறைந்திருக்கும். அப்போது ஐந்து நாள் விடுமுறையாகத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். என் மாமியாரும் உடன் வருகிறார். ஆனால் அவர், “ஒரு வயது நிறைந்து, குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்திய பிறகுதான் குழந்தையை விமானத்தில் ஏற்ற வேண்டும், அதற்கு முன் ஏற்றினால் காது கெட்டுவிடும்” என்று அஞ்சுகிறார். அவர் சொல்வது சரியா? என்னென்ன ஆவணங்கள் தேவை?
– வாசகி, திருச்சி

உங்கள் மாமியாரின் அச்சத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். குழந்தையின் காதைப் பற்றி அவர் கவலைப்படுவதில் பொருள் இருக்கிறது. ஆனால் அதற்காக ஒரு வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விமானம் முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருக்கும் அளவுக்கே வைக்கப்படுகிறது. ஊட்டி ஏறத்தாழ 7,350 அடி உயரத்தில் இருக்கிறது. ஆகவே, நலமாக இருக்கும் ஒன்பது மாதக் குழந்தைக்கு அந்த நான்கு மணி நேரம் ஊட்டியில் இருப்பதைப் போன்றதுதான். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் நம் எல்லோருக்கும் காது அடைக்கிறது, எச்சிலை விழுங்கியதும் விட்டுவிடுகிறது. விமானத்திலும் அதுவேதான் நடக்கிறது, ஆனால் அந்த இறக்கம் முழுவதும் ஏறக்குறைய அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால் வலி கூடுதலாகத் தெரிகிறது.

நடுச்செவியையும் தொண்டையின் மேற்பகுதியையும் இணைக்கும் மெல்லிய குழல் ஒன்று இருக்கிறது. விமானம் ஏறும்போது நடுச்செவியில் உள்ள காற்று அதன் வழியே எளிதில் வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். அதற்கு அந்தக் குழல் திறக்க வேண்டும், அதுவோ நாம் விழுங்கும்போதுதான் திறக்கிறது. குழந்தைகளுக்கு அது குறுகலாகவும் படுக்கை வாட்டத்திலும் இருப்பதால் அவ்வளவு எளிதில் திறப்பதில்லை. பெரியவர்களைப் போலக் கொட்டாவி விடவோ மூக்கைப் பிடித்து ஊதவோ அவர்களுக்குத் தெரியாது. பால் குடித்தால் போதும், அடுத்தடுத்து விழுங்குவார்கள். ஆகவே தாய்ப்பாலோ புட்டிப்பாலோ, ஒரு வேளைப் பாலை இறங்கும் நேரத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். பெரும்பாலான தாய்மார்கள் விமானம் ஏறும்போதே பால் கொடுத்துவிட்டு, இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு குழந்தை சிணுங்கியதும் மறுபடியும் கொடுத்து வயிற்றை நிரப்பிவிடுகிறார்கள். பிறகு உண்மையிலேயே தேவைப்படும் நேரத்தில் குழந்தை வாயைத் திறப்பதில்லை. என் மூத்த பேரனுக்கு நானே இந்தத் தவற்றைச் செய்தேன், கடைசி இருபது நிமிடமும் அவன் துடித்து அழுததை இன்றும் மறக்க முடியவில்லை. விமானம் இறங்கத் தொடங்கிவிட்டது என்று அறிவித்தவுடன் பாலூட்டத் தொடங்குங்கள். உங்கள் இருக்கை வாரை அணிந்தபடியே பாலூட்டலாம். குழந்தை ஆழ்ந்து உறங்கினால் எழுப்ப வேண்டியதில்லை. வலியால் விழித்து அழுதால் அந்தக் கணமே கொடுங்கள். அழுகையும் அந்தக் குழலைத் திறக்க உதவுவதால், குழந்தை அழுவதைக் கண்டு பதறவோ, சுற்றியிருப்பவர்களை எண்ணிக் கூசவோ வேண்டாம்.

புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கடுமையான சளியோ காதில் சீழோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள குழந்தை என்றால், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே மருத்துவரின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஒன்பது மாதம் நிறைந்ததும் போட வேண்டிய தட்டம்மைத் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகப் போட்டுக்கொள்ளும்படி நாளைத் திட்டமிடுங்கள். காது குத்துவதாக இருந்தால், பயணத்துக்கு முந்தைய வாரங்களில் வேண்டாம்; புண் ஆறாத காதோடு அலைவது குழந்தைக்குத் துன்பம்.

அடுத்து ஆவணங்கள். கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு செய்துவிட்டு அப்படியே விட்டுவிடும் குடும்பங்கள் பல. பதிவு செய்த ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ‘டி’ இணைப்பு (Annexure D) உறுதிமொழியும், உங்கள் இருவரின் பாஸ்போர்ட் மூலங்களும் நகல்களும் தேவை. சேவை மையத்துக்குக் குழந்தையையும் தூக்கிச் செல்ல வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய். எட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் புதிய விண்ணப்பத்துக்கு அதில் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு. இந்தப் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஒளிப்படம் எடுக்கும்போது வெள்ளை விரிப்பில் குழந்தையைப் படுக்க வைத்து மேலிருந்து எடுங்கள். கண் திறந்திருக்க வேண்டும், பிடித்திருப்பவர் கை தெரியக் கூடாது, கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை அன்றைக்கு மட்டும் துடைத்துவிடுங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சிங்கப்பூர் செல்ல விசா வேண்டும். குழந்தைக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியே விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் ஆளுக்கு 30 சிங்கப்பூர் வெள்ளி, முகவரின் கட்டணம் தனி. சென்று இறங்குவதற்கு முன், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள், ஒவ்வொருவருக்கும் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் இது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அதை மூடிவிடுங்கள்.

கேள்வி: மே 30 அன்று புறப்பட்டு ஜூன் 6 அன்று திரும்புகிறோம். என் மகனுக்கு ஜூன் 4 அன்று இரண்டு வயது நிறைகிறது. போக வர இரண்டுக்கும் மடிக்குழந்தைச் சீட்டே போதும் என்கிறார் முகவர். தொட்டில் கேட்டு வாங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

போதாது. வயதை ஒவ்வொரு விமானமும் புறப்படும் நாளை வைத்தே கணக்கிடுவார்கள். போகும்போது உங்கள் மகன் மடிக்குழந்தை. திரும்பும்போது இரண்டு வயது நிறைந்த சிறுவன், அவனுக்கு இருக்கையுடன் கூடிய சீட்டு கட்டாயம். இதைக் கவனிக்காமல் விட்டால், திரும்பும் நாளில் விமான நிலையத்தில் அன்றைய விலைக்குச் சீட்டு வாங்க வேண்டிவரும். இப்போதே திருத்தச் சொல்லுங்கள்.

தொட்டில் என்பது அறையின் முன்சுவரை ஒட்டிய முதல் வரிசையில் மாட்டப்படுவது. அதற்கு எடை வரம்பும் நீள வரம்பும் உண்டு. ஏறக்குறைய இரண்டு வயதுப் பிள்ளை அதில் அடங்க மாட்டான். மலிவுக் கட்டண விமானங்கள் பலவற்றில் தொட்டிலே இருப்பதில்லை. ஆறேழு மாதக் குழந்தை உள்ளவர்கள் மட்டும், சீட்டு வாங்கிய அன்றே விமான நிறுவனத்தைத் தொடர்புகொண்டு கேட்டு வையுங்கள்.

போகும் பயணத்துக்கும் பணம் இடம் கொடுத்தால் தனி இருக்கை வாங்குங்கள் என்றே சொல்வேன். மடிக்குழந்தைச் சீட்டு மலிவுதான். பல நிறுவனங்களில் பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, சிலவற்றில் ஒரே நிலையான தொகை. ஆனால் விமானம் திடீரெனக் குலுங்கும்போது பன்னிரண்டு கிலோ எடையுள்ள பிள்ளையைக் கைகளால் மட்டும் பிடித்து நிறுத்த எந்தத் தகப்பனாலும் முடியாது. மடியில் வைப்பதாக இருந்தால், உங்கள் வாரில் கோத்துக்கொள்ளும் குழந்தை வாரை ஊழியரிடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் வாருக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டக் கூடாது. குலுங்கும்போது உங்கள் எடை முழுவதும் அவன் மேல் அழுந்தும்.

மூன்று இருக்கைகள் உள்ள ஒரு தொகுதியில் பொதுவாக நான்கு ஆக்சிஜன் முகமூடிகளே இருப்பதால், அதில் ஒரு மடிக்குழந்தைக்கு மேல் உட்கார விட மாட்டார்கள். உறவினர் குடும்பத்திலும் கைக்குழந்தை இருந்தால் ஒரே வரிசையில் இடம் கேட்டுச் சண்டையிட வேண்டாம். முன்பின் வரிசைகளில் கேளுங்கள்.

கேள்வி: நள்ளிரவு விமானம். பேத்தி தூங்குவதற்காகக் கொஞ்சம் சளி மருந்து கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். வசம்பு உரைத்துக் கொடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

இரண்டுமே வேண்டாம் அம்மா. தூங்க வைப்பதற்காக ஒரு சொட்டு மருந்துகூடக் கொடுக்காதீர்கள். சளி மருந்துகளில் உள்ள தூக்கம் தரும் பொருள் சில குழந்தைகளுக்கு நேர்மாறாகப் படபடப்பையும் அழுகையையும் உண்டாக்கும். அதைவிட அஞ்ச வேண்டியது, சில குழந்தைகளுக்கு மூச்சு மந்தமாகிவிடுவது. காற்றழுத்தம் குறைந்த இடத்தில், விளக்கணைத்த அறையில், அதை யாரும் கவனிக்காமல் போகக்கூடும். குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவித்திருக்கிறது. வசம்பும் வயிற்றுக்குள் போக வேண்டாம். எவ்வளவு உரைத்தோம் என்று நமக்கே தெரியாத ஒரு பொருளை, மருத்துவர் அருகில் இல்லாத ஆகாயத்தில் கொடுப்பது தகாது.

பேத்தி வழக்கமாகத் தூங்கப் பயன்படுத்தும் பழைய பருத்திப் புடவைத் துண்டை மறக்காமல் எடுத்து வையுங்கள். அந்த மணமும் உங்கள் தாலாட்டும் போதும்.

கேள்வி: வெந்நீர், கஞ்சி, பால் ஆகியவற்றைப் பாதுகாப்புச் சோதனையில் அனுமதிப்பார்களா?
– வாசகி, திருநெல்வேலி

அனுமதிப்பார்கள். நீர்மப் பொருள்களுக்கு 100 மில்லி லிட்டர் என்ற வரம்பு இருந்தாலும், பயண நேரத்துக்குத் தேவையான குழந்தை உணவுக்கும் பாலுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. சாங்கி விமான நிலையத்திலும் அப்படியே. அவற்றைத் தனிப் பையில் வைத்து, சோதனைக்கு முன்பே நீங்களாக எடுத்துக் காட்டுங்கள். கறந்த தாய்ப்பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரை கெடாது. பனிக்கட்டிப் பொதியோடு குளிர்ப்பையில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். பால் பவுடரை முன்கூட்டியே கரைத்து எடுத்துச் செல்லாதீர்கள். கரைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதால், ஒவ்வொரு வேளைக்கும் பவுடரை அளந்து தனித்தனி டப்பாவில் போட்டு, ஃபிளாஸ்க்கில் கொதித்த நீரை வைத்துக்கொண்டு அவ்வப்போது கரையுங்கள். புதிய உணவு எதையும் பயண வாரத்தில் தொடங்காதீர்கள். வீட்டில் செவ்வாழையும் ராகிக் கூழும் சாப்பிடும் குழந்தைக்கு அங்கேயும் அவையே போதும். செவ்வாழை சிராங்கூன் சாலைப் பக்கம் தேக்கா சந்தையில் தேடினால் கிடைக்கும். டயப்பரை விமானம் ஏறுவதற்குச் சற்று முன் மாற்றிவிடுங்கள். மாற்று உடை குழந்தைக்கு மட்டுமல்ல, தூக்கி வைத்திருக்கும் உங்களுக்கும் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

கேள்வி: ஏழு மாதக் குழந்தையோடு சிங்கப்பூரில் ஐந்து நாளில் எவ்வளவு இடங்கள் பார்க்க முடியும்?
– வாசகர், சென்னை

ஒரு நாளைக்கு ஓர் இடம். காலையில் ஒருமுறை வெளியே, மாலையில் வேண்டுமானால் அருகிலேயே ஒரு நடை. சிங்கப்பூரின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. குழந்தையின் பசியும் தூக்கமும் முதல் இரண்டு நாள் நம் ஊர் நேரப்படியே இருக்கும். அதைத் திருத்த முயலாமல், காலையில் தாமதமாகக் கிளம்புங்கள்.

மண்டாயில் உள்ள விலங்குத் தோட்டத்துக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள், ஆனால் நண்பகலுக்குள் திரும்பிவிடுங்கள். வெயிலைவிட அங்குள்ள புழுக்கம்தான் குழந்தையை வாட்டும். கரையோரப் பூந்தோட்டங்களில் குளிரூட்டப்பட்ட கண்ணாடிக் கூடங்கள் இரண்டும் மதிய நேரத்துக்கு ஏற்றவை, மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று கொண்டு போங்கள். சிங்கப்பூரில் டெங்குக் கொசு ஆண்டு முழுவதும் உண்டு என்பதால், தள்ளுவண்டிக்கு ஒரு கொசுவலை அவசியம்.

போக்குவரத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைகள் காரில் தகுந்த குழந்தை இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். டாக்சிகளுக்கு இதில் விலக்கு உண்டு, செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் கார்களுக்கு இல்லை. ஆகவே விமான நிலையத்தில் டாக்சி வரிசையில் நில்லுங்கள், அல்லது குழந்தை இருக்கை உள்ள காரையே கேட்டுப் பதிவு செய்யுங்கள். எம்.ஆர்.டி. எனப்படும் நகர ரயிலும் பேருந்தும் இதைவிட எளியவை. தள்ளுவண்டியை மடக்காமலேயே ஏற்றலாம், 0.9 மீட்டருக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கட்டணமும் இல்லை.

திரும்பும் விமானம் இரவில் என்றால், அன்று மாலை வரை அறையை வைத்துக்கொள்ள விடுதியில் முன்பே கேட்டு, கூடுதல் தொகை ஆனாலும் கொடுத்துவிடுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டி, ஒரு தூக்கம் தூங்க வைத்துப் புறப்பட்டால், நடுவானில் அவள் விழித்துக்கொள்ளும்போது பசியோடு இருப்பாள். அப்போது கொடுக்கும் பாலில் பாதியைச் சென்னையில் இறங்கும் நேரத்துக்கு மிச்சம் வையுங்கள்.